உடன் சென்றவர்

ஆபீசில் அவளுக்கு வைத்த பெயர் எண்பத்தேழு. அவள் கையில் இருக்கும் ஃபைல்களின் எண்ணிக்கை அது. பெயர் வைத்தபோது எண்பத்தேழு. இப்போது நூற்றுப் பதினாறு ஆகிவிட்டது. பெயரை மாற்ற யாருக்கும் நேரமில்லை, அவ்வளவுதான். ஓர் அதிகாரிக்கு நாற்பது ஃபைலுக்கு மேல் கூடாது என்று சுவரில் ஒரு சுற்றறிக்கை ஒட்டியிருந்தது. அதன் மேலேயே யாரோ காலண்டரை மாட்டிவிட்டார்கள். நல்ல காரியம். பார்த்தால் வயிற்றெரிச்சல்தானே மிச்சம்!

அவள் நன்னடத்தை அதிகாரி. அடிதடி, திருட்டு, வீட்டுக்குள் பெண்டாட்டி மேல் கைநீட்டுவது என்று எதையாவது செய்து மாட்டிக்கொண்டவனை, 'சரி, ஜெயில் வேண்டாம், வெளியே ஒழுங்காக இரு' என்று கோர்ட் விட்டுவிடும். ஒழுங்காக இருக்கிறானா என்று யாராவது பார்க்க வேண்டுமே? அது இவள் வேலை. வீடு வீடாகப் போய், குடிக்கிறானா, வேலைக்குப் போகிறானா, போகக் கூடாத இடத்துக்குப் போகிறானா என்று விசாரித்து எழுத வேண்டும். நூற்றுப் பதினாறும் ஆம்பிளைகள். உள்ளே போட்டால் ஒருத்தனைப் பார்த்துக்கொள்ள நாலு காவலர், தடி, விசில், இரும்புக் கதவு, மதில். வெளியே விட்டால் ஒரே ஒரு பெண்பிள்ளை, தோளில் ஒரு பை, பைக்குள் ஒரு பேனா. இந்தக் கணக்கைப் போட்ட மகராசன் யாரோ, ஒருநாள் நேரில் பார்த்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று அவளுக்கு ரொம்ப நாளாக ஆசை.

விதிமுறை இல்லாமல் இல்லை. பேஷாக இருக்கிறது. வீட்டு விசிட்டுக்குத் தனியாகப் போகக் கூடாது, இரண்டு பேராகத்தான் போக வேண்டும். விசிட் ரிஜிஸ்டரில் கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பே 'உடன் சென்றவர்'. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் தலைமை அலுவலகம் அந்த விசிட்டையே ஒப்புக்கொள்ளாது; போகவே இல்லை என்று திருப்பி அனுப்பிவிடும். உடன் செல்ல ஆள் ஏது? அவர்கள் பிரிவில் மொத்தம் ஐந்து நாற்காலி. மூன்றில் ஃபைல் உட்கார்ந்திருந்தது. நாலாவதில் எண்பத்தேழு. ஐந்தாவதில் புதுசு.

புதுசு வேலைக்கு வந்து இருபது மாதம் ஆகிறது. அவளுக்குப் பிறகு யாரையும் போடவில்லை என்பதால் இன்னும் புதுசுதான். இருபத்தாறு வயது. அவள் சம்பளத்தை நம்பி வீட்டில் நாலு வயிறு. வேலை நிரந்தரமாக இன்னும் நாலு மாதம் இருந்தது. அதற்குள் ஒரு கரும்புள்ளி விழுந்தாலும் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று அவளுடைய நியமன உத்தரவிலேயே எழுதியிருக்கிறது.

ஆகவே காலையில் ஒன்பதரை மணிக்கு அங்கே ஒரு சடங்கு நடக்கும்.

"அக்கா, இன்னிக்கு நான் உங்ககூட எங்க வரேன்?"

"பாலத்துக்கு அந்தப் பக்கம். ஆறு வீடு. நான் உன்கூட எங்கடி வரேன்?"

"மார்க்கெட்டுக்குப் பின்னாடி அஞ்சு வீடு."

"அய்யோ, அந்தச் சந்துல நாத்தம் குடலைப் புடுங்குமே. மூக்கைப் பொத்திக்கிட்டு வரேன், எழுதிக்கோ."

இவள் கட்டத்தில் அவள் பெயர், அவள் கட்டத்தில் இவள் பெயர். எழுதி முடித்து இருவரும் சேர்ந்து ஒரு டீ குடித்துவிட்டு, ஒருத்தி வடக்கே, ஒருத்தி தெற்கே, தனித்தனியாகப் போவார்கள். புதுசுக்கு முன்னால் இருந்தவள் தொடங்கி வைத்த பழக்கம். மூன்று வருடமாக அந்த ரிஜிஸ்டர் படி ஒருத்தியும் தனியாக ஓரடி வைத்ததில்லை.

கூடுதல் ஆள் கேட்டு எண்பத்தேழு எழுதாத கடிதம் இல்லை. எல்லாம் கண்காணிப்பாளர் மேசைக்குப் போகும். அவருக்கு ஆபீசில் பெயர் 'பார்க்கலாம்'. மனுஷர் கெட்டவர் இல்லை. யாரையும் கடிந்து ஒரு சொல் பேச மாட்டார். ஆனால் ஃபேன் ஓடவில்லை சார் என்றாலும் "பார்க்கலாம்மா", ஒருத்தன் கத்தியைக் காட்டினான் சார் என்றாலும் "பார்க்கலாம்மா". அவரிடம் கொடுத்தது கிணற்றில் போட்ட கல்.

சரி, அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருவோம்.

செவ்வாய் என்றால் வெல்டிங்காரன் வீடு. பெண்டாட்டி தலையைச் சுவரில் மோதிய கேஸ். அவளைப் பார்க்கக் கூடாது, தேடிப் போகக் கூடாது என்பது கோர்ட் போட்ட நிபந்தனை. ஆள் முரடு என்பதால் அவன் ஒருத்தனை மட்டும் வாராவாரம் பார்க்க வேண்டும். அவன் பெண்டாட்டி வீடு மாறி எங்கே இருக்கிறாள் என்பது எண்பத்தேழின் ஃபைலில் இருக்கிறது. அவனுக்குத் தெரியாது.

முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் வீடு. வாசலில் அவனே அடித்த கிரில் கேட், கட்டைவிரல் தடிமனுக்குக் கம்பி. உள்ளே ஜன்னல் சட்டங்கள் சாய்த்து வைத்திருந்தன. இரும்புத் தூள் செருப்பில் ஒட்டியது. அவன் ரொம்ப மரியாதையாக ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். "பை கனமா இருக்கே மேடம், குடுங்க" என்று வாங்கித் தன் பக்கத்துப் பெஞ்சில் வைத்தான். போன் அதற்குள் இருந்தது. அவள் குனிந்து ஃபாரத்தில் தேதி எழுதிக்கொண்டிருந்தபோது கேட் மூடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் பூட்டு விழுந்த சத்தம்.

"தெருநாய் வருது மேடம். நீங்க நிதானமா எழுதுங்க."

அவள் பயத்தை முகத்தில் காட்டவில்லை. பதினோரு வருட சர்வீஸ் அதற்காவது உதவியது.

"கேட்டைத் திறங்க."

"திறக்கறேன். அவ எங்க இருக்கான்னு மட்டும் சொல்லிடுங்க. பிள்ளைங்க முகத்தைப் பார்த்து ஆறு மாசம் ஆச்சு."

"அதைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. கோர்ட்ல மனு போடுங்க."

"கோர்ட்டை விடுங்க. நீங்களும் தாய்தானே?"

இப்படியே போயிற்று. அவன் குரலை உயர்த்தவில்லை. கை ஓங்கவில்லை. கெஞ்சினான், கொஞ்ச நேரம் அழுதான், அப்புறம் எழுந்து கிரைண்டரை ஓடவிட்டு, ஒரு கம்பியை அறுத்து, அணைத்துவிட்டு மறுபடியும் வந்து உட்கார்ந்தான். நெருப்புப் பொறி அவள் சேலை ஓரம் வரை தெறித்தது. அவள் காலை இழுத்துக்கொண்டு, வாயில் வந்ததைச் சொன்னாள்:

"என்கூட வந்தவங்க தெருமுனையில நிக்கறாங்க. பத்து நிமிஷத்துல நான் வரலைன்னா போலீசுக்குப் போன் பண்ணுவாங்க."

அவன் சிரித்தான். நிஜமாகவே சிரித்தான்.

"யாரு மேடம் வந்தாங்க? ஆறு மாசமாப் பார்க்கறேன், ஒரு நாளாவது நீங்க யார்கூடவாவது வந்திருக்கீங்களா? பஸ்ஸை விட்டு இறங்கறதுல இருந்து எனக்குத் தெரியுமே."

பாருங்கள், தலைமை அலுவலகத்தில் அத்தனை அதிகாரிகளுக்கும் தெரியாத உண்மை அந்த வெல்டிங்காரனுக்குத் தெரிந்திருந்தது.

நாற்பது நிமிடம். பிறகு யாரோ ஒரு வாடிக்கையாளர் வந்து, "என் ஜன்னல் ரெடியாப்பா?" என்று கேட்டைப் போட்டுத் தட்டினார். வெல்டிங்காரன் எழுந்து போய்ப் பூட்டைத் திறந்தான். அவர் உள்ளே வர, இவள் பையைப் பறித்துக்கொண்டு வெளியே வந்தாள். "அடுத்த செவ்வாய் வாங்க மேடம்" என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தான், உறவுக்காரர்களை வழியனுப்புகிற மாதிரி. பஸ் நிறுத்தம் வரை நடந்தாள். அங்கே போனதும் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆபீசுக்கு வந்து, விஷயத்தைச் சொல்லி ரிப்போர்ட் எழுத ரிஜிஸ்டரைப் பிரித்தபோதுதான் அடுத்த இடி. வெல்டிங்காரன் வீடு, நேரம் பதினொன்று, உடன் சென்றவர் புதுசு. அதற்கு அடுத்த வரியில் மார்க்கெட் சந்து, நேரம் அதே பதினொன்று, போனவர் புதுசு, உடன் சென்றவர் எண்பத்தேழு. ஒரே நேரத்தில் ஊரின் இரண்டு கோடியிலும் இரண்டு பேரும் சேர்ந்தே இருந்திருக்கிறார்கள். புதுசு எட்டிப் பார்த்தாள். முதலில் இருவருக்கும் சிரிப்பு வந்தது. அடக்க முடியாத சிரிப்பு. அப்புறம் புதுசு முகம் வெளுத்தது.

"அக்கா, ரிப்போர்ட் எழுதினா இதைப் பார்ப்பாங்க இல்ல?"

"பார்ப்பாங்க."

"நாலு மாசம்க்கா. நாலே நாலு மாசம் பொறுத்துக்கோங்க. அப்புறம் என்ன வேணா எழுதுங்க."

எண்பத்தேழு நேரே கண்காணிப்பாளர் அறைக்குப் போனாள். அவர் முழுசாகக் கேட்டார். கேட்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

"அடிச்சானாம்மா?"

"இல்ல சார்."

"மேல கை கிய் வச்சானா?"

"இல்ல சார். பூட்டி வச்சான்."

"ஒண்ணும் ஆகலை இல்ல? அந்த மட்டுக்கும் நல்லது."

ஒன்றும் ஆகவில்லையாம்! அவளுக்குக் காது மடல் சூடேறியது. நாற்பது நிமிடம் ஒரு பெண்ணைப் பூட்டி வைத்தால் அதற்குப் பெயர் ஒன்றுமில்லை. அப்படியானால் 'ஒன்று' என்று எழுத என்னதான் ஆக வேண்டும்? பிணமாகத் தூக்கிக்கொண்டு வர வேண்டுமா?

"ஆள் கேட்டு மூணு வருஷமா எழுதறேனே சார்."

"அதுக்குப் பதில் வந்திருக்கு. உங்ககிட்ட காட்டணும்னு இருந்தேன்." டிராயரைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். 'பதிவேடுகளின்படி கடந்த மூன்று ஆண்டுகளாக அனைத்து வீட்டு விசிட்டுகளும் இருவர் சென்றே நடைபெற்றுள்ளன. எனவே கூடுதல் பணியிடத்தின் தேவை தெளிவாகவில்லை.'

இரண்டு தடவை படித்தாள். யாரைத் திட்டுவது? தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டதற்குத் தலைமை அலுவலகம் ரசீது அனுப்பியிருந்தது.

"ரிப்போர்ட் எழுதறதா இருந்தா பார்த்து எழுதுங்கம்மா" என்றார் அவர், தணிந்த குரலில். "ரெண்டு பேர் போனதா இருக்கு. கோர்ட்ல அந்தப் பொண்ணையும் சாட்சிக்குக் கூப்பிடுவாங்க. போகலைன்னு சொன்னா அவ வேலை போகும். போனேன்னு சொன்னா பொய் சாட்சி. எதுக்கு வம்பு? அந்த ஃபைலை அவகிட்ட மாத்திடலாம். அடுத்த செவ்வாய்ல இருந்து அவ போகட்டும். புது முகம், அவனும் கொஞ்சம் அடங்கி இருப்பான்."

குதிரை கீழே தள்ளியது போதாதென்று குழியும் பறித்ததாம். வெளியே வந்தபோது புதுசு கதவோரம் நின்றிருந்தாள். கேட்டுவிட்டாள்.

"நான் போறேன்க்கா, பரவால்ல. எனக்குப் பயமில்ல" என்றாள். பேனா மூடியைக் கடித்துக் கடித்து அது நசுங்கியிருந்தது.

சாயங்காலம் வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் புருஷன், "வேலையை விட்டுத் தொலை" என்றான். லிஃப்ட் மெக்கானிக், பேச்சும் அப்படித்தான், மேலே அல்லது கீழே, நடுவில் நிற்காது.

"விட்டா? நூத்திப் பதினாறும் அந்தப் பொண்ணு தலையில விழும். உனக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவே."

அவன் கொஞ்ச நேரம் தக்காளி நறுக்கினான். அவள் கேட்டாள், "நீங்கல்லாம் லிஃப்ட் குழியில இறங்கறப்ப எத்தனை பேர் போவீங்க?"

"ரெண்டு. மெயின் சுவிட்சை அணைச்சுப் பூட்டு போட்டு, சாவியை எறங்கறவன் தன் பாக்கெட்டுல வச்சுக்கணும். மேல ஒருத்தன் நிக்கணும். சாவி யார் கையில இருக்கோ, அவன் உயிரோட ஏறுவான்."

"ஆள் இல்லைன்னா?"

"ஆள் இல்லைன்னா எறங்க மாட்டோம். லிஃப்ட் ஓடாது. எல்லாரும் படியேறிப் போகட்டும், திட்டட்டும்."

"தனியா எறங்கிட்டு, ரெண்டு பேர் எறங்கினோம்னு எழுதினா?"

"பைத்தியமா நீ? எவனாவது அப்படி எழுதுவானா?" என்றான் அவன். அவளுக்கு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலை எழுதினாள். உள்ளது உள்ளபடி. கேட், பூட்டு, நாற்பது நிமிடம், கிரைண்டர், பெண்டாட்டி முகவரியை அவன் கேட்டது எல்லாம். கடைசியில், 'நான் தனியாகத்தான் சென்றேன். உடன் சென்றவர் என்ற கட்டத்தில் உள்ள பெயரை எழுதியது நான். அது பொய். மூன்று ஆண்டுகளாக எழுதியதும் பொய். உடன் வர ஆள் இல்லை' என்று முடித்துக் கையெழுத்துப் போட்டாள். பழி தன்னோடு போகட்டும், அந்தப் பெண் வரியை யாரும் பார்க்காமல் இருக்கட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டுதான் அனுப்பினாள்.

மூன்று வருடமாகக் கண்ணில் படாத அடுத்த வரி, தலைமை அலுவலகத்துக்குப் பத்தே நிமிடத்தில் பட்டுவிட்டது. கேட்ட ஆளைத் தர மூன்று வருடம் போதவில்லை. மெமோ மூன்றாம் நாள் வந்து இறங்கியது. எண்பத்தேழுக்கு ஒன்று, புதுசுக்கு ஒன்று. புதுசு நிரந்தரமாவது ஒரு வருடம் தள்ளிப்போனது. வேலை போகவில்லை என்று சந்தோஷப்பட வேண்டுமாம். இரண்டு மெமோவின் கடைசி வரியும் ஒன்றுதான்: 'இனி விதிமுறையை முழுமையாகக் கடைப்பிடிக்கவும்.' வெல்டிங்காரன் விஷயத்தைக் கோர்ட் எடுத்துக்கொள்ள மூன்று வாரம் ஆகும். அதுவரை ஃபைலை மாற்றாமல், வழக்கம்போல் எண்பத்தேழே அவனை வாராவாரம் பார்த்து வர வேண்டும். வழக்கம்போல்!

புதுசு நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். வெள்ளி, சனி, திங்கள், டீ தனித்தனி. எண்பத்தேழு ஒருமுறை, "சாப்பிட்டியாடி?" என்று கேட்டாள். புதுசு டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். அந்தக் கோபம் நியாயம்தான், அவளுக்கும் தெரியும். ஒரு பெண்ணைக் காப்பாற்றுகிறேன் என்று அவள் வயிற்றில் அடித்தாயிற்று. சரியாகத்தான் செய்தோமா என்று திங்கட்கிழமை முழுக்க மனசு அரித்தது.

செவ்வாய்க்கிழமை ஒன்பதரை. சடங்கு இல்லை. எண்பத்தேழு ரிஜிஸ்டரைத் திறக்காமல் பையை எடுத்தாள். தலை நிமிர்ந்தால் புதுசு எதிரே நின்றிருந்தாள், பையை மாட்டிக்கொண்டு, செருப்பு வாரை இறுக்கிக்கொண்டு.

"கிளம்புங்க" என்றாள். அக்கா என்ற சொல் இல்லை.

"உன் அஞ்சு வீடு?"

"முழுமையாக் கடைப்பிடிக்கணும்னு எழுதியிருக்கு. படிக்கலையா?"

பஸ்ஸில் ஆளுக்கொரு சீட்டில் உட்கார்ந்தார்கள். இறங்கி நடக்கும்போதும் இரண்டடி இடைவெளி. வெல்டிங்காரன் பட்டறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஒருத்திக்குப் பின்னால் இன்னொருத்தி வருவதைப் பார்த்ததும் வாயைத் திறந்து மூடினான். புதுசு நேரே கேட்டருகே போனாள். தாழ்ப்பாளில் தொங்கிக்கொண்டிருந்த பூட்டைச் சாவியோடு கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. லிஃப்ட் மெக்கானிக்கை அவள் பார்த்ததுகூட இல்லை.

"இது என்கிட்ட இருக்கட்டும். நீங்க பேசி முடிங்க" என்றாள் அவனைப் பார்த்து.

எண்பத்தேழு பையைத் தோளிலேயே வைத்துக்கொண்டு, நின்றபடியே கேட்க வேண்டியதைக் கேட்டாள். அவன் எல்லாவற்றுக்கும் தரையைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னான். எட்டே நிமிடம். மூன்று வருடத்தில் முதல்முறையாக அவள் பயமில்லாமல் ஃபாரத்தைப் பார்த்து எழுதினாள், எதிரே இருப்பவன் கையைப் பார்த்துக்கொண்டு அல்ல. பின்னால் கேட்டருகே புதுசு இருமுகிற சத்தம் கேட்டது. அந்த இருமலைப் போல ஒரு நிம்மதியை அவள் கேட்டதில்லை.

வெளியே வந்ததும் புதுசு பூட்டைத் திரும்பத் தாழ்ப்பாளில் மாட்டினாள். உள்ளங்கையில் துரு ஒட்டியிருந்தது. அதைத் துடைத்துக்கொண்டே, "என்னா கனம்க்கா" என்றாள்.

அன்று மொத்தம் பதினோரு வீடு. இரண்டு பேரும் சேர்ந்து போனதில் ஐந்து வீடுதான் முடிந்தது. சாயங்காலம் எண்பத்தேழு ரிஜிஸ்டரில் ஐந்து வரிகளிலும் புதுசின் பெயரை எழுதினாள். புதுசு பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். மீதி ஆறு வரிகளில் இருவரும் மாறி மாறி எழுதினார்கள்: 'போகவில்லை. ஆள் இல்லை.'

கண்காணிப்பாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பக்கத்தைப் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். நெற்றியில் வேர்த்துவிட்டது.

"என்னம்மா இது? ஆறு வீடு அப்படியே நிக்குதே! இப்படியே போனா மாசக் கடைசியில பாதிக்கு மேல நிக்குமே. மேல இருந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது? யாரு போறது இந்த வீட்டுக்கெல்லாம்?"

எண்பத்தேழு பேனாவை மூடிப் பையில் போட்டாள். புதுசைப் பார்த்தாள். புதுசு சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது.

"பார்க்கலாம் சார்" என்றாள் எண்பத்தேழு.